பிள்ளை பிடிக்கிறவன் வரமாட்டான்

சோறு ஊட்டும் நேரத்தில் நம் வீடுகளுக்கு ஒருவன் தவறாமல் வருவான். தோளில் சாக்குப் பை, சிவந்த கண். அடம்பிடிக்கும் குழந்தை அவன் பெயரைக் கேட்டதும் வாயைத் திறக்கும். குழந்தை வளர்ந்து போலீஸ்காரராகிறது, வட்டாட்சியராகிறது, பத்திரிகை நிருபராகிறது. சாக்குப் பைக்காரன் மட்டும் மண்டைக்குள்ளேயே குடியிருந்துவிடுகிறான்.

அவன் வெறும் கதையோடு நின்றால் கவலையில்லை. 2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூரில் அவன் ஓர் உயிரைக் குடித்தான். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் அது. வழி கேட்க நிறுத்திய இடத்தில், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அக்குடும்பத்து மூதாட்டி சாக்லேட் கொடுத்தார். 'வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் கூடி அடித்தது, மூதாட்டி இறந்தார். அதே நாட்களில் பழவேற்காட்டில் இன்னொருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் நாடோடிச் சமூகத்தவர் ஐந்து பேர். கொல்லப்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிள்ளை பிடித்தவர் இல்லை.

ஆள் கடத்தல் என்றால் தூக்கிக்கொண்டு போவது, கடத்துகிறவன் முன்பின் தெரியாதவன், கடத்தப்பட்டவர் கட்டுண்டு கிடப்பார் — இந்த மூன்றும் சேர்ந்ததே நம்மிடையே பரவியிருக்கும் நம்பிக்கை. மூன்றும் தவறு. தவறு என்பதோடு விட்டுவிட முடியாது. இந்த நம்பிக்கைதான் உண்மையான கடத்தல்காரனுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு.

குழப்பத்தில் பாதி நம் சொல்லிலேயே இருக்கிறது. தங்கத்தைக் கொண்டுவந்தாலும் கடத்தல்; பணக்காரர் வீட்டுப் பிள்ளையைத் தூக்கிப்போய்ப் பணம் கேட்டாலும் கடத்தல்; ஒரு குடும்பத்தையே கடனில் சிக்கவைத்து அரிசி ஆலையில் வேலை வாங்கினாலும் கடத்தல். முதல் இரண்டிலும் ஒரு வண்டி உண்டு, ஓர் இரவு உண்டு, ஓட்டம் உண்டு. மூன்றாவதில் அவை எதுவும் தேவையில்லை. நம் அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு மனிதரை வாங்கி விற்பதையும் கூலியில்லா வெட்டி வேலையையும் ஒரே மூச்சில் தடைசெய்கிறது. அதை எழுதியவர்களுக்கு இரண்டும் ஒரே நோயின் இரு முகம் என்று தெரிந்திருந்தது. 'மனித வணிகம்' என்று சொல்லிப் பழகியிருந்தால் நாமும் வேனைத் தேடாமல் வியாபாரத்தைத் தேடியிருப்போம்.

சட்டமும் நம்மைவிடத் தெளிவாகவே இருக்கிறது. ஆள் கடத்தலுக்கு எதிராக 2000ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்ற பலெர்மோ நெறிமுறையைத் தழுவி, 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆவது பிரிவு மாற்றி எழுதப்பட்டது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவு. ஆளைச் சுரண்டுவதற்காகச் சேர்க்கவோ அனுப்பவோ அடைத்து வைக்கவோ ஒருவன் கையாளும் வழிகள் ஆறு என்கிறது அது. மிரட்டல், பலவந்தம், தூக்கிச் செல்வது, ஏமாற்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, பணமோ ஆதாயமோ காட்டி இழுப்பது. ஆறில் தூக்கிச் செல்வது ஒன்றே ஒன்று. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே அல்ல என்றும் அதே பிரிவு சொல்கிறது.

ஆனால் சம்மதம்தான் நம் ஊரில் முதல் கேள்வி. "நீயாத்தானே போனே? முன்பணம் வாங்கினியா இல்லையா? கட்டியா போட்டிருந்தாங்க? திருவிழாவுக்கு ஊருக்கு வந்தியே, ஏன் திரும்பிப் போனே?" கொத்தடிமையாக இருந்து மீண்டவர்களிடம் இப்படிக் கேட்பவர்கள், பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருப்பதைக் கவனிப்பதில்லை. திருவிழாவுக்குப் புருஷன் போனால் பொண்டாட்டியும் பிள்ளையும் சூளையில் இருப்பார்கள். அவர் திரும்பி வந்ததற்குக் காரணம் அதுதான். பூட்டு எதற்கு?

செங்கல் சூளையில் முன்பணம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வீட்டில் சாவோ கல்யாணமோ நோயோ வரும் நேரம் பார்த்து மேஸ்திரி வருகிறார். பெரும்பாலும் தெரிந்தவர், சில சமயம் உறவுக்காரர். கொடுக்கும் பணம் ஓர் ஆளுக்கு அல்ல, ஒரு ஜோடிக்கு. பிள்ளைகளின் கை அதில் இலவச இணைப்பு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும். வாரச் செலவுக்குக் கொஞ்சம் பணம் வரும். மீதி எல்லாம் நோட்டில். நோட்டு முதலாளியிடம். மழை பெய்து பச்சைக் கல் கரைந்தால் நட்டம் அறுத்தவர் கணக்கில் ஏறும். பருவம் முடிந்து கணக்குப் பார்க்கையில் கடன் தீர்ந்திருக்காது. அது அடுத்த பருவத்துக்கான முன்பணமாகப் பெயர் மாறும். மேற்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து நம் செங்குன்றம் பக்கத்துச் சூளைகளுக்கு வரும் குடும்பங்களின் கதையும் இதேதான். அங்கே மேஸ்திரிக்குப் பெயர் சர்தார், அவ்வளவே வேறுபாடு.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் பகுதிகளின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழும் படம் நாடெங்கும் சுற்றியது. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். கலங்கியவர்களில் எத்தனை பேர் அதைக் கடத்தல் என்று அழைத்தார்கள்? ஆயிரம் ரூபாய் போன்ற சிறு கடனுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களைப் பற்றி 'பாவம், ஏழைகள்' என்றோம். ஏழ்மை என்று சொன்னால் குற்றவாளி தேவையில்லை. கடத்தல் என்று சொன்னால் ஒருவன் கூண்டில் ஏற வேண்டும்.

பெயர் மாறினால் தண்டனையும் மாறும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அபராதம் இரண்டாயிரம் ரூபாய் வரை. மனித வணிகப் பிரிவில், ஒருவருக்கு மேற்பட்டோரை அப்படிச் சிக்கவைத்தால் குறைந்தது பத்து ஆண்டு, ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். ஒரே சூளை, ஒரே முதலாளி, ஒரே நோட்டு. முதல் தகவல் அறிக்கையை எழுதுபவரின் மண்டைக்குள் இருக்கும் சாக்குப் பைக்காரன்தான் எந்தச் சட்டம் என்று முடிவு செய்கிறான். மீட்கப்பட்டவருக்கான மறுவாழ்வுத் தொகையிலும் உடனடி உதவி போக மீதி, குற்றவாளி தண்டிக்கப்படுவதோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. வழக்கு தோற்றால் அவர் திரும்பப் போகும் இடம் எது என்று சொல்ல ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

இது படிக்காத ஏழைகளுக்கு மட்டும் நேர்வது என்று நினைப்பவர்கள் மியான்மர் எல்லையில் உள்ள மியாவடியைப் பார்க்க வேண்டும். தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பி நம் பட்டதாரி இளைஞர்கள் சொந்தப் பாஸ்போர்ட்டில், விமானத்தில், அம்மாவுக்குச் செல்ஃபி அனுப்பிவிட்டு பாங்காக் போனார்கள். அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மருக்குள் கொண்டுபோகப்பட்டார்கள். முள்வேலி வளாகத்தில் உட்கார்ந்து, போலிப் பெயரில் காதல் பேசி, ஊர் உலகத்தாரின் பணத்தைப் பறிக்கும் வேலை. மறுத்தால் அடி, போக வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் 'செலவுத் தொகை' கட்ட வேண்டும். 2022-இல் தமிழ் இளைஞர்கள் சிலர் அங்கிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டனர். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் சொன்னது. நம் இளைஞர்களை யாரும் வேனில் வாயைப் பொத்தி ஏற்றவில்லை. சன்னல் இருக்கை கேட்டுப் போனவர்கள்.

நமக்கு இது புதிதும் அல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோரைச் சங்கிலி போட்டு யாரும் இழுக்கவில்லை. ஊருக்கு வந்த கங்காணி சொந்தக்காரன், சொந்தச் சாதிக்காரன். முன்பணம் கொடுத்தான், வழிச்செலவு கொடுத்தான், எல்லாவற்றையும் கடனாக எழுதினான். தோட்டம் மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. புதுத் தோட்டம் கடனைக் கட்டும். கடனோடு மனிதர்களும் கைமாறுவார்கள். 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. இன்று ஒரு சூளைக்காரர் இன்னொருவரிடம் "அவன் பாக்கியை நான் கொடுத்துடறேன், குடும்பத்தை அனுப்பு" என்று போனில் பேசும்போது, எழுதப்படாத துண்டு ஒன்று கைமாறுகிறது.

சாக்குப் பைக்காரனை நம்பும் சமூகம் கண்டுபிடிக்கும் தீர்வுகளும் அவனுக்கு ஏற்றவையாகவே இருக்கும். பெண்ணை வெளியே அனுப்பாதே, எல்லையை மூடு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போக இலங்கை 2013-இல் கட்டுப்பாடு போட்டது. நேபாளம் வளைகுடாவுக்குப் பெண்களை அனுப்புவதைப் பல முறை தடைசெய்தது. வீட்டில் அடுப்பு எரியாதவரை பெண்கள் போவது நிற்கவில்லை. நேபாளப் பெண்கள் இந்தியா வழியாகத் திருட்டுத்தனமாகப் போனார்கள். முன்பு ஏஜென்டுக்கு ஒரு பதிவேடாவது இருந்தது. தடை வந்ததும் அதுவும் போயிற்று. தடை என்பது கடத்தல்காரனுக்கு அரசாங்கம் செய்துகொடுத்த விளம்பரம்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். பிள்ளைகள் உண்மையிலேயே தூக்கப்படுவதில்லையா? தூக்கப்படுகிறார்கள், அதைத் தடுக்கக் காவல்துறை வேண்டும், கும்பல் வேண்டாம். முன்பணம் கொடுப்பதெல்லாம் குற்றம் என்றால் ஏழைக்கு அவசரத்துக்கு யார் பணம் தருவார்? நியாயமான கேள்வி. முன்பணம் குற்றமில்லை. ஐ.டி. கம்பெனிகூடச் சம்பள முன்பணம் தருகிறது. ஆனால் அந்த ஊழியர் நடுவில் ராஜினாமா செய்தால் அவருடைய மனைவியைப் பிடித்து வைப்பதில்லை. பாக்கிக்குக் கோர்ட்டில் வழக்குப் போடுவார்கள். கடன் பணமாகவே இருக்கும்வரை அது கடன். ஆளையே அடகாக வாங்கும்போது அது வணிகம். ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதன் தொடர்ச்சிதான்: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைக்க ஒப்புக்கொண்டால் அவரைத் தள்ளுவது வறுமை, அதுவும் கட்டாயமே.

உலகத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி 2021-இல் கட்டாய உழைப்பில் இருந்தவர்கள் 2.76 கோடி. அதில் பாதிக்கும் மேல், நடுத்தரத்துக்கு மேற்பட்ட வருமானமும் உயர் வருமானமும் உள்ள நாடுகளில். அவர்கள் உழைப்பிலிருந்து ஆண்டுக்கு 23,600 கோடி டாலர் சட்டவிரோத லாபம். இத்தனை கோடிப் பேரைச் சாக்கில் கட்டிக்கொண்டு போக உலகத்தில் சாக்கு கிடையாது. அவர்கள் நடந்து போனார்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் விமானத்திலும் போனார்கள்.

எனவே 'எப்படிப் போனார்' என்று கேட்பதை விட்டுவிடுவோம். 'திரும்பி வர முடியுமா' என்று கேட்போம். ஊருக்குள் ஒருவர் பணத்தோடு ஆள் சேர்க்க வந்தால் மூன்றைக் கேளுங்கள். கணக்கு நோட்டின் நகல் எங்களிடம் இருக்குமா? ஆதாரும் பாஸ்போர்ட்டும் யார் கையில் இருக்கும்? பாக்கி இருக்கும்போதே குடும்பத்தோடு கிளம்பி வந்தால் விடுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு அவர் சிரித்து மழுப்பினால், வந்திருப்பது யார் என்று புரிந்துகொள்ளலாம். அவர் கையில் சாக்லேட் இருக்காது.