மூடுபனியில் வாள்வீச்சு!

டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஜனவரி இறுதிவரை வட இந்தியச் சமவெளி மூடுபனியில் மூழ்குவதும், ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவதும் ஆண்டுதோறும் நடப்பவைதான். இவ்வளவு தெரிந்திருந்தும், இளையோருக்கான விளையாட்டுப் போட்டிகளை அதே மாதங்களில் அதே ஊர்களில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் கைவிடப்படவில்லை.

2025 டிசம்பர் 17-ஆம் தேதி லக்னௌவில் நடைபெறவிருந்த இந்தியா - தென்னாப்பிரிக்கா இருபது ஓவர் ஆட்டம், மூடுபனி காரணமாக ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்டது. பணபலம் மிக்க கிரிக்கெட் வாரியத்துக்கே இந்த நிலை என்றால், படுக்கை வசதிப் பெட்டியில் இரண்டு நாள் பயணம் செய்து வரும் பள்ளி மாணவர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

வாள்வீச்சு போன்ற விளையாட்டுகளில் பாதிப்பு இன்னும் அதிகம். கால்பந்து, ஹாக்கி போட்டிகள் பல நாள்கள் நீடிக்கும். வாள்வீச்சில் தனிநபர் போட்டி பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். காலையில் ஐந்து புள்ளிகளுக்கான குழு ஆட்டங்கள். பிறகு பதினைந்து புள்ளிகளுக்கான நேரடி வெளியேற்றச் சுற்றுகள். மூன்று முறை அழைத்தும் களத்துக்கு வராதவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். ரயில் பத்து மணி நேரம் தாமதமானால், ஓராண்டுப் பயிற்சி ரயில் நிலையத்திலேயே முடிந்துபோகிறது. அதற்காக அந்தச் சிறுவனையோ சிறுமியையோ குறை கூற முடியுமா?

உள்ளரங்கில்தானே விளையாடுகிறார்கள் என்று சமாதானம் சொல்வதும் சரியல்ல. தலைநகரின் நச்சுக்காற்று அரங்கின் வாசலில் நின்றுவிடுவதில்லை. 2025 ஜனவரியில் தில்லி இந்திய ஓபன் பாட்மிண்டன் போட்டிக்கு வந்த டென்மார்க் வீராங்கனை மியா பிளிக்ஃபெல்ட், காற்று மாசு பற்றியும் சுகாதாரக் குறைபாடு பற்றியும் வெளிப்படையாகவே புகார் கூறினார். அதே ஆண்டு நவம்பரில், தலைநகர்ப் பகுதிப் பள்ளிகளின் திறந்தவெளி விளையாட்டுப் போட்டிகளை மாசு குறைந்த மாதங்களுக்கு மாற்றுவது பற்றிப் பரிசீலிக்குமாறு காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தை உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. விளையாட்டு நிர்வாகிகள் தாமாகவே செய்திருக்க வேண்டியதை நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது என்பது வருந்தத்தக்கது.

அதேவேளையில், போட்டிகளைக் குளிர்காலத்திலிருந்தே அகற்றிவிடுவதும் எளிதல்ல. கேடட், ஜூனியர் பிரிவு ஆசிய வாள்வீச்சுப் போட்டி பிப்ரவரி, மார்ச்சை ஒட்டியும், உலகப் போட்டி ஏப்ரலை ஒட்டியும் நடைபெறுகின்றன. அதற்கு முன்பாக அணியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பிப்ரவரி பிறந்தால் பொதுத்தேர்வுக் காலம். எனவே, டிசம்பரையும் ஜனவரியையும் விட்டால் வேறு வழியில்லை என்று நிர்வாகிகள் கூறுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், மாதத்தை மாற்ற முடியாவிட்டால் இடத்தை மாற்றலாமே! நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பனி மூடுவதில்லை. ஜனவரியில் தென்னகத்திலும் மேற்கு மாநிலங்களிலும் வானிலை இதமாகவே இருக்கிறது. 2019 ஜனவரியில் புணேயிலும், 2024 ஜனவரியில் தமிழகத்திலும் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள் நடத்தப்பட்டன. டிசம்பர், ஜனவரி போட்டிகளைத் தெற்கிலும் மேற்கிலும் வைத்துக்கொண்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களைப் பஞ்சாப், ஹரியாணா, தில்லிக்கு ஒதுக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் தவிக்கும் தமிழகத்துக்கும் அது வசதியே.

இதனால் வட மாநிலங்களின் வாய்ப்பு பறிபோகும் என்ற அச்சம் தேவையில்லை. போட்டிகளின் எண்ணிக்கை குறையப்போவதில்லை, மாதம்தான் மாறும். தெற்கு நோக்கிப் புறப்படும் வட மாநில அணிகளும் பனியில் சிக்கக்கூடும் என்பதால், வருகைக்கும் போட்டிக்கும் இடையே குறைந்தது ஒரு முழு நாளாவது இருக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 60 நாள்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அதற்கும் முன்பே தேதியும் இடமும் உறுதியாக அறிவிக்கப்பட்டால்தான் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பயணச்சீட்டு கிடைக்கும்.

சென்னையைச் சேர்ந்த பவானி தேவி, டோக்கியோ ஒலிம்பிக்கில் களமிறங்கிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை என்ற பெருமையைப் பெற்றார். 2023-இல் ஆசியப் போட்டியில் வெண்கலமும் வென்றார். அவரைப் பார்த்து வாளேந்தும் பிள்ளைகள் தோற்பதாக இருந்தால் எதிராளியின் திறமையிடம் தோற்கட்டும். அட்டவணை தயாரிப்பவர்களின் அலட்சியத்திடம் தோற்கக் கூடாது.