தேடும் கருவியும் தேடுவோர் நெஞ்சமும்

 

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் குடியேறி வாழும் நம் வாசகச் சகோதரர் ஒருவர் இம்மாதம் ஒரு நீண்ட மடல் வரைந்துள்ளார். இளமையில் அவர் விடுமுறை நாட்களில் மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகம் காட்டும் கருவியுடன், அறுவடை முடிந்த வயல்களில் பழைய நாணயங்களைத் தேடி நடந்தவர். பின்னர் பணியும் குடும்பமும் அவரை ஆட்கொண்டன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கருவி பரணில் கிடந்தது. இப்போது ஓய்வு கிடைத்திருக்கிறது; மகனையும் உடனழைத்துக்கொண்டு மீண்டும் புறப்பட விழைகிறார்.

“எந்தக் கருவியை வாங்கலாம்?” என்பது அவருடைய வினா. “அப்படிக் கிடைக்கும் பொருள் நமக்கு ஆகுமானதா?” என்பது அவருடைய துணைவியாரின் வினா. இரண்டினுள் பின்னதே கனமானது. ஆயினும் கருவியின் இயல்பை அறிந்துகொண்டால் பொருளைப் பற்றிய தீர்ப்பு எளிதாகும். ஆகவே முறைப்படி தொடங்குவோம்.

கருவி செய்வது என்ன?

விமான நிலைய வாயிலில் நம்மைச் சோதிக்கும் கருவியும், வயலில் நாணயம் தேடும் கருவியும் ஓரினத்தைச் சேர்ந்தவையே. நீண்ட கோலின் அடியில் தட்டுப்போன்ற பகுதி ஒன்று உண்டு. அதனுள் செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருளில் பாயும் மின்சாரம் மண்ணுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் சுழன்றெழுந்து, தனக்கென ஒரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. அதனை மற்றொரு சுருள் ஏற்று, காதுக்கு ஒலியாகத் தருகிறது. இரும்பு எழுப்பும் எதிரொலியும் வெள்ளி எழுப்பும் எதிரொலியும் கால அளவில் சற்றே வேறுபடும். அந்த வேறுபாட்டைக் கணித்தே கருவி ‘இது ஆணி, இது நாணயம்’ என்று ஓரளவு பிரித்துக் காட்டுகிறது.

‘ஓரளவு’ என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தங்க மோதிரமும், குளிர்பானக் குவளையைத் திறக்கும் அலுமினிய வளையமும் பல வேளைகளில் ஏறத்தாழ ஒரே எண்ணைத் திரையில் காட்டும். குப்பை வேண்டாமென்று அந்த எண்ணை ஒதுக்கிவைப்பவர் தங்கத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறார். தோண்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லும் கருவி இன்னும் பிறக்கவில்லை.

ஆழத்திலும் இதுவே நிலை. தனி நாணயம் ஒன்று ஒரு சாண் ஆழத்தில் கிடந்தால், நல்ல கருவி அதைக் கண்டுகொள்ளும். அதற்கும் கீழே போகப் போக ஐயமே மிகும். எனவே, நூறு கஜத் தொலைவிலிருந்தே தங்கம் இருக்கும் திசையைக் காட்டும் என்று சொல்லி விற்கப்படும் கோல்களையும் பெட்டிகளையும் ஒருபோதும் நம்பற்க. அவை பணம் பறிக்கும் பொறிகளே.

இருபது ஆண்டுகளில் மாறியவை

பழைய கருவியைத் தூக்கி நடந்த கை, புதியதை எடுத்தவுடன் வியப்புறும். அன்று இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவிகள் பல இருந்தன. இன்று ஒன்று முதல் ஒன்றரை கிலோ எடையில் தரமானவை கிடைக்கின்றன. ஐம்பதைக் கடந்த தோளுக்கு இது பெரும் அருள். பேட்டரிகளை அடிக்கடி மாற்றும் தொல்லை குறைந்து, மின்னேற்றம் செய்துகொள்ளும் வசதி வந்துவிட்டது. ஹெட்போனின் கம்பி மறைந்துவிட்டது. மழையிலும் ஓடையிலும் நனைந்தால் கெடாத கருவிகள் நடுத்தர விலையிலேயே வந்துள்ளன.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் அதிர்வெண்ணில் நிகழ்ந்தது. முன்னர்ப் பெரும்பாலான கருவிகள் ஒரே அதிர்வெண்ணில் இயங்கின. தாழ்ந்த அதிர்வெண் பருமனான வெள்ளி, செம்புப் பொருள்களுக்கு ஏற்றது. உயர்ந்த அதிர்வெண் மெல்லிய சிறு பொருள்களுக்கும் நுண்ணிய தங்கத்துக்கும் ஏற்றது. ஒரே வேளையில் பல அதிர்வெண்களை அனுப்பும் முறை 1990-களின் தொடக்கத்திலேயே ஆஸ்திரேலியாவின் மைன்லாப் நிறுவனத்தால் சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் 2018-இல் வெளிவந்த பின்னரே அது பரவலாயிற்று. இஸ்தான்புல் நகரிலிருந்து வரும் நோக்டா நிறுவனம் 2022-இல் லெஜண்ட் என்ற பெயரில் அத்தகைய கருவியைத் தந்தது. அதே நிறுவனத்தின் சிம்ப்ளெக்ஸ், 2019-இல் வந்தது, ஒற்றை அதிர்வெண் கொண்டது; விலை குறைந்தது; புதியவர்க்கும் நெடுநாள் கழித்துத் திரும்புவோர்க்கும் போதுமானது. எடை மிகக் குறைந்ததாக வேண்டுவோர் பிரான்சின் எக்ஸ்பி நிறுவனத்தின் டியூஸ் வகையைப் பார்க்கலாம், விலை கூடுதலாயிருக்கும்.

போலிகள் சந்தையில் உலவுகின்றன. ஆதலால் உத்தரவாதச் சீட்டுத் தரும் முறையான விற்பனையாளரிடமே வாங்குக.

நிலத்தைப் பார்த்துக் கருவியைத் தேர்க

சகோதரருக்கு நாம் கூறும் முதல் அறிவுரை, வாங்குவதற்கு முன் பரணில் உள்ள கருவியை இறக்கிப் பாருங்கள் என்பதே. வீட்டுத் தோட்டத்தில் வெள்ளி நாணயம் ஒன்றையும், துருப்பிடித்த ஆணிகள் சிலவற்றையும் அரைச்சாண் ஆழத்தில் புதைத்துச் சோதியுங்கள். ஆணிகளுக்கிடையே நாணயத்தின் ஒலி தெளிவாகக் கேட்டால், இவ்வாண்டுக்கு அதுவே போதும். ஸ்டாஃபோர்ட்ஷயரில் 2009-இல் ஆங்கிலோ-சாக்ஸன் காலத்துப் பெருந்தங்கப் புதையலைக் கண்டவர் கையில் இருந்தது 14 ஆண்டுப் பழைமையான கருவி என்று அந்நாளையச் செய்திகள் கூறின.

பழையது போதாது என்று கண்டால், எங்கே தேடப் போகிறீர்கள் என்ற வினாவுக்கு விடை எழுதிவிட்டுக் கடைக்குச் செல்லுங்கள். யார்க்ஷயரின் உழுநிலங்களில் ரோமானியர் காலத்து ஆணிகளும் கலப்பை இரும்பும் மிகுதி. அங்கே ஆழத்தைவிட, இரும்பின் ஒலி ஓய்ந்தவுடன் அடுத்த பொருளின் ஒலியை விரைந்து பிரித்துக் காட்டும் திறனே தேவை. சுருளும் சிறியதாயிருத்தல் நலம். இடைக்காலத்து ஆங்கிலேயர் வெள்ளிப் பென்னியைப் பாதியாகவும் காலாகவும் வெட்டிச் செலவழித்தனர். அந்தச் சிறு துண்டுகளைத் தேடுவோர்க்கு உயர்ந்த அதிர்வெண் உதவும். கடற்கரையின் ஈர மணலோ வேறு கதை. உப்பு நீரும் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒற்றை அதிர்வெண் கருவி அங்கே வீணாகக் கூவிக்கொண்டிருக்கும். பல அதிர்வெண் கருவியோ, பல்ஸ் இண்டக்‌ஷன் வகையோதான் அங்கு நிற்கும். பின்னது ஆழமாகக் காணும்; ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்வதில் பின்தங்கியது.

சிறந்த கருவியும் தவறான இடத்தில் பயன்படாது என்பதற்கு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல் அவர் உடலிலிருந்த குண்டைக் கண்டறிய உலோகம் காட்டும் கருவியொன்றைக் கொண்டுவந்தார். கட்டிலின் எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பின. குண்டு வலப்பக்கம் இருப்பதாக எண்ணிய மருத்துவர் அந்தப் பக்கத்தையே சோதிக்கச் செய்தார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். அதிபர் பிழைக்கவில்லை.

கிடைத்தது யாருடையது?

இனி இல்லத்தரசியாரின் வினாவுக்கு வருவோம்.

நிலத்தின் உரிமையாளர் இசைவின்றி அடியெடுத்து வைப்பதே ஆகாது. இங்கிலாந்தின் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டம், 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் பத்தில் ஒரு பங்கேனும் தங்கமோ வெள்ளியோ கலந்ததுமான பொருளை 14 நாட்களுக்குள் கொரோனர் என்னும் அதிகாரிக்கு அறிவிக்கச் சொல்கிறது. தனி நாணயம் இதில் அடங்காது. ஓரிடத்தில் இரண்டோ பலவோ சேர்ந்திருந்தால் அடங்கும். வரலாற்றுச் சிறப்புமிக்க வேறு சில பொருள்களும் 2023 முதல் இச்சட்டத்தின்கீழ் வந்துள்ளன. அருங்காட்சியகம் அதனை ஏற்றால் உரிய விலையை மதிப்பிட்டு வழங்குகிறது. கண்டெடுத்தவரும் நில உரிமையாளரும் அதனைப் பொதுவாகச் சரிபாதியாகப் பெறுவர். மேற்சொன்ன ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையல் 32 இலட்சத்து 85 ஆயிரம் பவுண்டாக மதிப்பிடப்பட்டு அவ்வாறே பகிரப்பட்டது.

இதற்கு மாறாக நடந்தவர்களும் உண்டு. 2015-இல் லெம்ஸ்டர் அருகே இருவர் வைக்கிங் காலப் புதையலொன்றைக் கண்டு, அறிவிக்காமல் மறைத்து விற்றனர். 2019-இல் இருவரும் சிறை சென்றனர். ஏறத்தாழ 300 நாணயங்கள் இருந்திருக்கலாம் என்று கருதப்பட்ட அப்புதையலில் அப்போது மீட்கப்பட்டவை 31 மட்டுமே. நேர்மையாகச் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஹலாலான பங்கும் போயிற்று, வரலாறும் சிதறிற்று.

நம் சகோதரர் வாழும் பகுதியிலேயே அழகியதோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2007 ஜனவரியில் ஹாரகேட் அருகே ஒரு தந்தையும் மகனும் தங்கமுலாம் பூசிய வெள்ளிக் கிண்ணம் ஒன்றைக் கண்டனர். அது நிரம்ப வெள்ளி இருந்தது. அவர்கள் அதைக் கிளறாமல் அப்படியே ஒப்படைத்தனர். பிரிட்டிஷ் மியூசியம் வல்லுநர்கள் பொறுமையாகப் பிரித்தபோது 617 நாணயங்கள் வெளிப்பட்டன. அவற்றுள் சமர்கந்தில் அச்சிடப்பட்ட இஸ்லாமியத் திர்ஹமும் இருந்தது! அக்காலத் திர்ஹம்கள் திருக்கலிமா பொறிக்கப்பட்டவை. வணிகர் கை மாறி, வைக்கிங்குகளின் கிண்ணத்தில் சேர்ந்து, 927-28 வாக்கில் புதைக்கப்பட்டு, ஆயிரத்து எண்பது ஆண்டுகள் யார்க்ஷயர் மண்ணில் உறங்கிய அவ்வெள்ளி, இரு நேர்மையாளர்களால் வெளிச்சத்துக்கு வந்தது. அவசரக்காரர் கையில் சிக்கியிருந்தால் உருக்கப்பட்டுக் கம்பியாகியிருக்கும்.

மார்க்கச் சட்டம் இப்பொருள்களை இரு வகையாகப் பிரிக்கிறது. முற்காலத்தவர் புதைத்த செல்வம் ‘ரிகாஸ்’ எனப்படும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கடமை என்பது நபிமொழி. உரிமையாளர் தவறவிட்ட பொருள் ‘லுகதா’ எனப்படும். அதன் பையையும் கட்டையும் அடையாளம் வைத்துக்கொண்டு ஓராண்டு அறிவிக்க வேண்டும். உரியவர் வந்தால் ஒப்படைக்க வேண்டும் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். கண்டது எந்த வகை என்று அறிய, நாணயத்தின் மீதுள்ள முத்திரையைப் பார்க்குமாறு ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. இஸ்லாமிய அடையாளம் இருப்பின் அது ரிகாஸ் ஆகாது. லுகதாவின் சட்டம் பெறும். அத்துடன் பிறர் நிலத்தில் கிடைத்தது, பிற நாட்டுச் சட்டத்துக்கு உடன்பட்டு வாழ்வோர் கண்டது ஆகிய நுட்பங்களும் உள்ளன. அந்நாட்டில் குடியேறும்போது செய்த உடன்படிக்கை நம் மீது கடமையாகும். ஆகவே சட்டப்படி அறிவிப்பதே முதற்படி. தம் பங்காகக் கிடைப்பதில் செலுத்த வேண்டியது எவ்வளவு என்பதைத் தம் மத்ஹபின் ஆலிமிடம் விவரம் சொல்லிக் கேட்டுக்கொள்வது அடுத்த படி.

கடற்கரை மணலில் கிடைக்கும் மோதிரம் பெரும்பாலும் நேற்று வந்தவருடையது. அது புதையலன்று, ஒரு பெண்மணியின் கண்ணீர். காவல் நிலையத்தில் அறிவித்து உரியவரைத் தேடுவதே வழி.

அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் ஹிழ்ர் (அலை) அவர்கள், உணவளிக்க மறுத்த ஊரில் சாயவிருந்த சுவரைக் கூலியின்றி நிமிர்த்திய நிகழ்ச்சியை நாம் அறிவோம். அதன்கீழ் இரு அநாதைச் சிறுவரின் புதையல் இருந்தது. அவர் அதை அறிந்திருந்தும் எடுக்கவில்லை; உரியவர் வளர்ந்து எடுத்துக்கொள்ளும்வரை மண் அதைக் காக்கட்டும் என்று சுவரைக் கட்டினார். புதையலைப் பற்றி முஃமினுக்கு இதைவிடச் சிறந்த பாடம் ஏது?

நம் ஊர் வாசகர்களுக்கு

நம் நாட்டிலும் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் உண்டு. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே, கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். புதையல் எடுத்துத் தருவதாகக் கூறி மாந்திரீகம், ஜின் வசியம் என்று வாயில்தோறும் வருவோரிடம் நகையை இழந்த குடும்பங்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. ஒரு சாணுக்குக் கீழே தடுமாறும் அறிவியல் கருவியின் உண்மையை உணர்ந்தோர், பாழுங்கிணற்றடியில் தங்கம் தெரிகிறது என்போரிடம் ஏமாற மாட்டார்கள்.

சகோதரரே! நில உரிமையாளரிடம் எழுத்தில் இசைவு பெறுங்கள். கிடைப்பதைப் பகிர்வது எப்படி என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தோண்டிய குழியை மூடுங்கள். நாணயத்தைத் தேய்த்துக் கழுவாதீர்கள். வெடிக்காத போர்க்காலக் குண்டு போன்ற ஏதேனும் தென்பட்டால் தொடாமல் விலகிக் காவல் துறைக்குச் சொல்லுங்கள். இவ்வளவையும் உறுதி செய்துகொண்ட பின் கருவியை வாங்குங்கள். விலை நடுத்தரமாயிருப்பினும் போதும். உங்கள் துணைவியாரிடம் சொல்லுங்கள்: அமானிதம் பேணுவோர் கையில் வருவது ஆகுமானதே, இன்ஷா அல்லாஹ்.

உடன் வரும் மகன் உங்கள் கருவியின் ஒலியைவிட, ஒலி கேட்டபின் நீங்கள் செய்வதையே உற்று நோக்குவான். பிறர் உடைமையைக் காக்கும் நெஞ்சத்தை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.