ஹீட்டரை விற்றதோடு நம் பொறுப்பு முடிந்ததா?

ஐப்பசி மழை பிடித்து, மேற்கு மலைக்காற்று ஈரத்தோடு இறங்கத் தொடங்கியதும் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மின்சாதனக் கடைகளுக்கு ஹீட்டர் கேட்டு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் விடியுமுன் குளித்தாக வேண்டும். பச்சைத் தண்ணீரில் குளிப்பதே முறை என்று பெரியவர்கள் சொன்னாலும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு வெந்நீர் வேண்டியிருக்கிறது. மார்கழியிலோ ஆண்டாள் சன்னதிக்குப் போகிற குடும்பங்கள் நான்கு மணிக்கே எழுந்துவிடுகின்றன. இந்தச் சீசனை நம்பித்தான் நம்மில் பலர் சரக்கு இறக்குகிறோம்.

சீசன் முடிந்து மின்கட்டணம் வரும்போதுதான் வினை. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளர் கடைப்படி ஏறுகிறார். "அண்ணாச்சி, நீங்க குடுத்த ஹீட்டர் கரண்டைக் குடிக்குது" என்கிறார். நாமும் கம்பெனியைக் கைகாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கிறோம். அந்த ஹீட்டரில் பெரும்பாலும் ஒரு குறையும் இருப்பதில்லை. விற்கும்போது நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லாததுதான் குறை.

கணக்கைப் பார்ப்போம். இருபது லிட்டர் பக்கெட் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு யூனிட் போதும். நான்கு பேர் உள்ள வீட்டில், தலைக்கு ஒரு பக்கெட் என்றால், இரண்டு மாதத்துக்கு எண்பது யூனிட். இது நியாயமான செலவு. இதைக் குறைக்க வேண்டுமானால் குளிப்பதைத்தான் குறைக்க வேண்டும். வீண் போவது வேறு இடத்தில். சுவிட்சைப் போட்டவர்கள் அணைப்பதே இல்லை. தொட்டிக்குள் இருக்கும் வெந்நீர், யாரும் திறக்காவிட்டாலும், நாள் முழுதும் ஆறிக்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் அதைத் திரும்பத் திரும்பச் சுட வைத்துக்கொண்டே இருக்கும். பதினைந்து லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு அரை யூனிட், உறை கெட்டுப்போன பழைய தொட்டியானால் ஒரு யூனிட் வரை இப்படிப் போகும். இரண்டு மாதத்தில் முப்பது முதல் அறுபது யூனிட்.

"அணைத்துவிட்டு மறுபடி போட்டால்தான் அதிகம் இழுக்கும்" என்று நம் கடைப் பையன்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். இது தவறு. ஓட்டைச் சாக்கில் சீனி ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாக்கை எப்போதும் நிரப்பியே வைத்தால் ஒழுகல் நின்றுவிடுமா? தொட்டி எவ்வளவு சூடாக, எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சூடு வெளியேறும். இரண்டாயிரம் வாட் ஹீட்டர், பதினைந்து லிட்டர் தண்ணீரை அறுபது டிகிரிக்குக் கொண்டுவரப் பதினெட்டு நிமிடம் போதும். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்பு போட்டு, தண்ணீரைத் திறக்குமுன் அணைத்துவிடலாம். நம் வீட்டுப் பழைய தாமிர பாய்லரில் பாட்டி என்ன செய்தார்? தேவைக்குத்தானே சிரட்டையைப் போட்டார்?

முப்பது யூனிட்தானே என்று அலட்சியம் வேண்டாம். 500 யூனிட் என்பது நம் கட்டணத்தில் ஒரு படிக்கட்டு. 2022 செப்டம்பரில் அறிவித்த வீதப்படி, இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் எரித்த வீட்டுக்கு ரூ.1,725. பத்தே யூனிட் கூடி 510 ஆனால் ரூ.2,030. பத்து யூனிட்டுக்கு ரூ.305! ஐந்நூறைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கான சலுகை வீதம் பறிபோவதே காரணம். 2024 ஜூலையில் வீதங்கள் உயர்ந்தபோதும் இந்தப் படிக்கட்டு அப்படியே இருந்தது. கூட்டுக் குடும்பமாக வாழும் நம் வணிகர் வீடுகள் பல இந்த விளிம்பில்தான் நிற்கின்றன. சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும்போதும் பழக்கதோஷத்தில் ஹீட்டர் ஓடுகிற வீடுகளும் உண்டு, ஏ.சி.யும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கடைக்குப் பின்னால் வீடு வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. வீட்டு ஹீட்டரைக் கடை மீட்டரில் மாட்டாதீர்கள். வணிக இணைப்பில் 100 யூனிட் இலவசம் கிடையாது; வீதமும் அதிகம்.

இனி நம் கல்லாப்பெட்டி விஷயம். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு இருபத்தைந்து லிட்டர் தொட்டியைத் தள்ளிவிடுவது நம்மிடையே இருக்கிற வழக்கம்தான். அதில் லாபம் கூடுதல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அறுபது டிகிரியில் உள்ள பதினைந்து லிட்டரோடு பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய முப்பத்தைந்து லிட்டர் குளிநீர் கிடைக்கும். பக்கெட்டில் மொண்டு குளிக்கும் வீட்டுக்கு இது தாராளம். ஷவரில் நிற்கிறவர்களுக்குப் பெரியதைக் கொடுங்கள். நட்சத்திரக் குறி அதிகமுள்ளதை எடுத்துக் காட்டுங்கள். தொட்டியின் சூடு எவ்வளவு தங்கும் என்பதைத்தான் அந்தக் குறி சொல்கிறது.

தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் திருகி வைப்பதும் வீண். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. சூடு ஏற ஏற அந்த உப்பு காயிலில் கல்லாகப் படியும், காயில் எரிந்துபோகும். வருடத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவி, உள்ளேயிருக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இப்படி ஒரு கம்பி இருப்பதே வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது. நாம் சொல்லவில்லையே!

காலையில் வோல்டேஜ் 200க்கு இறங்கினால் பதினெட்டு நிமிடம் இருபத்துநான்கு ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் "ஹீட்டர் சரியில்லை" என்ற புகார் பாதி குறையும். யூனிட் கூடாது, நேரம்தான் கூடும். எர்த் இல்லாத பாத்ரூமில் மட்டும் மாட்டிக் கொடுக்காதீர்கள்; அந்த விற்பனை போனால் போகட்டும்.

எந்த நேரத்தில் மின்சாரத்தை எடுக்கிறோம் என்பதற்கும் விலை உண்டு. நம் ஊர் நூற்பாலைகளுக்கு இது பழைய செய்தி; காலை, மாலை நெருக்கடி நேரத்தில் கூடுதல் கட்டணம் கட்டிப் பழகியவர்கள் அவர்கள். மத்திய அரசு 2023 ஜூனில் திருத்திய விதிகள், ஸ்மார்ட் மீட்டரோடு இந்த முறையை வீடுகளுக்கும் கொண்டுவரச் சொல்கின்றன. சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் இருபது சதவீதமாவது குறைவு, நெருக்கடி நேரத்தில் அதிகம். இங்கிலாந்தில் இரவு மின்சாரம் மலிவு என்பதால், செங்கல் அடுக்கிய மின் கணப்புகளை இரவெல்லாம் சூடேற்றிப் பகலில் குளிர் காய்கிறார்கள். நமக்கு அது நேர்மாறாக, பகலில் மலிவாக வரப்போகிறது. அப்போது சூடு தங்கும் நல்ல தொட்டிக்கு மதிப்பு கூடும். கொள்முதல் செய்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

பெரிய ஷோரூம்களும் ஆன்லைன் வியாபாரமும் விலையில் நம்மை அடிக்கலாம். ஆனால் பில்லோடு திரும்பி வருகிற மனிதருக்குப் பதில் சொல்ல அவர்கள் தெருவில் இல்லை, நாம் இருக்கிறோம். எனவே மின்சாதனக் கடை உறுப்பினர்கள் கூடி, மேலே சொன்ன இருபது நிமிடக் கணக்கு, தெர்மோஸ்டாட் அளவு, வருடாந்தரக் கழுவல் ஆகியவற்றை ஒரு பக்கத் துண்டுச்சீட்டாக அச்சடித்து, ஒவ்வொரு ஹீட்டர் பில்லோடும் பின் செய்து கொடுக்கலாம் என்பது நம் யோசனை. அச்சுக்கூலியைப் பங்கிட்டால் கடைக்குச் சொற்பமே வரும். ஐப்பசி பிறக்குமுன் சீட்டு கைக்கு வந்துவிட வேண்டும். ஆகவே புரட்டாசிக் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுவோம்.