கோடு கிழித்தவர் யார்?

வானம் பார்த்த பூமி நம் பூமி. அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமைச் சம்சாரியைக் கேளுங்கள்: மடை ஓர் ஊரிலும் அதில் பாயும் வயல் மற்றோர் ஊரிலும் இருந்து, இரண்டு ஊருக்கும் பகையும் மூண்டால் என்ன நடக்கும்? "வெட்டுக்குத்து நடக்கும்" என்பார். ஏடறியாதவரும் அறிந்த இந்த உண்மை, நாட்டைக் கூறுபோட்டபோது எங்கே போயிற்று?

இரண்டாம் உலகப்போரில் களைத்துப்போன வெள்ளை அரசுக்கு மூட்டை கட்டும் அவசரம். 1947 ஜூலை 8 அன்று வந்திறங்கினார் ராட்கிளிஃப். அதற்கு முன் இந்திய மண்ணை மிதித்தறியாத லண்டன் வழக்கறிஞர்! பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்க அவருக்குக் கிடைத்தவை ஐந்தே வாரங்கள். துணைக்கு நீதிபதிகள் இருந்தனர்; நிலநூல் கற்றவர் எவரும் ஆணையத்தில் இல்லை. ஸ்பேட் என்ற புவியியல் அறிஞர் லாகூருக்கு வந்தார், உண்மை. ஆனால் வந்தது முஸ்லிம் லீக் தரப்புக்கு ஆலோசனை கூற!

கால்வாய்ச் சிக்கலை ராட்கிளிஃபும் அறியாதவரல்லர். தீர்ப்பிலேயே குறிப்பிட்டார். தீர்க்கத்தான் நேரமில்லை. விடுதலைக்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 17 அன்று எல்லை வெளியாயிற்று. ராவியின் மாதோபூர், சட்லெஜின் பிரோஸ்பூர் தலைமதகுகள் இந்தியாவில். அவற்றின் நீரை நம்பிய வயல்கள் பாகிஸ்தானில்! 1948 ஏப்ரல் 1 அன்று கிழக்குப் பஞ்சாப் தண்ணீரை நிறுத்தியது. மே மாதத்தில்தான் உடன்பாடு கண்டனர். பிறகு உலக வங்கி நடுநின்று, 1960இல் சிந்து நதி ஒப்பந்தம் வந்தது. அதையும் பஹல்காம் படுகொலைக்குப் பின், 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது. கோடு கிழிக்க ஐந்து வாரம்; வழக்கோ இன்னும் ஓயவில்லை!

அறிஞர்கள் இருந்தால் மட்டும் நீதி பிறந்துவிடுமா? முதல் உலகப்போருக்குப் பின் 1919இல் பாரிசில் கூடினார்களே! அமெரிக்காவுக்குப் போமன், பிரான்சுக்கு டி மார்தோன் என்று அறிஞர்கள் வரைபடத்துடன் வந்தனர். தோற்ற ஹங்கேரிக்காக டெலிகி என்ற புவியியலாரும் படம் வரைந்தார். பயன்? 1920இல் அந்நாட்டின் மூன்றில் இரு பங்கு நிலம் பறிபோயிற்று. வென்றவன் படம் சாசனமாயிற்று. தோற்றவன் படம் காகிதமாயிற்று!

தோழர்களே, அறிஞர் வேண்டும். ஆனால் ஒரு தரப்பின் கூலிக்காரராக அல்ல. அவர் படம் ஊரறிய விரிக்கப்பட வேண்டும். அதில் கோடு விழுமுன், அந்த மண்ணில் ஏர் பிடிப்பவனை அழைத்து, "உன் வயலுக்குத் தண்ணீர் எந்த வழி வருகிறது?" என்று கேட்க வேண்டும். 1947இல் அதைக் கேட்பாரில்லை. வேலி போட்ட பின் வாய்க்காலைத் தேடினார்கள். அந்தத் தவற்றுக்கு இன்றுவரை வட்டி கட்டுபவன், கோட்டுக்கு இருபுறமும் வாழும் ஏழை உழவன்தான்!