கேஸ் அடித்தால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "காதலைப் பத்தி எழுதுடா, அப்பதான் படிப்பாங்க" என்றார்கள் ஹாஸ்டல் நண்பர்கள். எனக்குக் காதலில் அனுபவம் இல்லை. கார் ஏசியில் உண்டு, அதுவும் கசப்பான அனுபவம். எனவே அதையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா காட்பாடி ரயில் நிலையத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறார். எட்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கார் செகண்ட் ஹேண்ட், தவணை இன்னும் முடியவில்லை. வேலூருக்கு வைத்தியத்திற்கு வந்து ஊர் திரும்புகிறவர்களைச் சென்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதுதான் அவருக்கு நல்ல சவாரி. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோயாளியை ஏற்றும் வண்டிக்கு ஏசி ஆடம்பரம் அல்ல, அதுதான் எங்கள் சோறு!

சென்ற ஆண்டு மார்ச்சில் குளிர்ச்சி குறைந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேஸ் அடித்தார்கள், 1,500 ரூபாய். ஒரு மாதம் ஜில்லென்று இருந்தது. ஏப்ரல் கடைசியில் மறுபடி 1,500. மே மாதம் மூன்றாவது முறை. போன கேஸ் எங்கே போயிற்று என்று மூன்று முறையும் யாரும் கேட்கவில்லை. பஞ்சர் ஒட்டாமல் காற்று மட்டும் அடித்துத் தரும் சைக்கிள் கடைக்கு நாம் இரண்டாவது தடவை போவோமா? கார் ஏசிக்கு மட்டும் போகிறோமே, ஏன்?

ஜூனில் ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது கம்ப்ரசர் இறுகிப்போய் நின்றது. பெல்ட் கருகும் வாசனை. பின் சீட்டில் ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவர். நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார் அப்பா. வாடகையில் பாதிதான் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டார்: "கம்ப்ரசர் போயிடுச்சுடா. நீதான் படிக்கிறியே, அது ஏன் போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த செமஸ்டரில்தான் ஏசி சுற்றுப் படத்தை ஸ்கேல் வைத்து வரைந்து, அம்புக்குறியெல்லாம் போட்டு, முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பதில் சொன்னவர் வேறொரு சின்ன ஏசி ஒர்க்‌ஷாப் அண்ணன். "கேஸோடதான் தம்பி ஆயிலும் சுத்துது. கேஸ் ஒழுகுற இடத்துல ஆயிலும் போகும். நீங்க கேஸை மட்டும் ஏத்திக்கிட்டே இருந்தீங்க. காய்ஞ்சுபோன கம்ப்ரசர் எத்தனை நாளைக்கு ஓடும்?" என்றவர், கண்டென்சரில் ஹோஸ் சேரும் ஜாயின்டைக் காட்டினார். எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்பாக ஒரு படலம். உள்ளே ஓ-ரிங் வெடித்திருந்தது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம், அந்தக் கறுப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டி கழுவுகிறவன் நான்தானே! பானட்டைத் திறந்து, வேஸ்ட் துணியால் அதே இடத்தை வாராவாரம் தேய்த்துத் துடைத்தவனும் நானே. அழுக்கு என்று நினைத்தேன். ஓ-ரிங் விலை 20 ரூபாய். கம்ப்ரசரும், உலோகத் தூள் புகுந்ததால் மாற்ற வேண்டி வந்த கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வும் சேர்த்து 28,000 ரூபாய். அம்மாவின் கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

அந்த முதல் மெக்கானிக்கைத் திருடன் என்று நான் சொல்ல மாட்டேன். "கேஸ் மட்டும் அடிச்சு விடுங்க, சவாரி இருக்கு" என்று அவசரப்படுத்தியது நாங்களும்தான். அவருக்கும் யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை. கேஜ் மாட்டிப் பார்த்ததாகவும், பிரஷர் நன்றாக இருந்ததாகவும் சொன்னார். அங்கேதான் கோளாறு! வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். உள்ளே திரவம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்வரை அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். தூக்கிப் பார்த்தால்தான் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். கார் ஏசியும் அப்படியே. ஆர்-134ஏ கேஸ் உள்ள வண்டி 30 டிகிரி வெப்பத்தில் ஓடாமல் நின்றால், உள்ளே 450 கிராம் இருந்தாலும் 200 கிராம் இருந்தாலும் கேஜ் ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ. தான் காட்டும். ஆகவே பழையதை முழுவதும் எடுத்துவிட்டு, வண்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். குழாயைத் தொட்டுப் பார்த்து ஏற்றுவது குத்துமதிப்பு வேலை.

என்ஜின் ஓடும்போது கேஜ் பேசும் பாஷையே வேறு. பொதுவாக லோ சைடு 25 முதல் 45, ஹை சைடு 150 முதல் 250 வரை. வெயில் ஏற ஏற இதுவும் ஏறும். இரண்டும் குறைவு என்றால் கேஸ் பற்றவில்லை, லீக்கைத் தேடு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடிப்போயிருக்கலாம், கண்டென்சர் ஃபேன் நின்றிருக்கலாம், கண்டென்சரில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கலாம். லோ சைடு ஏறி, ஹை சைடு இறங்கி நின்றால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது. லோ சைடு வாக்குவத்துக்கே போனால் எங்கோ அடைப்பு. ஈரம் புகுந்து எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸ் கட்டியிருக்கவும் கூடும். இதற்காகத்தான் வாக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டச் சொல்கிறார்கள். காற்றழுத்தம் இல்லாதபோது தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். லீக் தேட நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும். ஆக்சிஜனை மட்டும் ஏற்றிவிடாதீர்கள், எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்!

இதெல்லாம் காசு விஷயம் மட்டும் என்று நினைக்கிறீர்களா? ஓசோனை ஓட்டை போட்ட ஆர்-12-ஐ ஒழிக்க 1987-ல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்குப் பதில் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு. எங்கள் காரின் 450 கிராம் காற்றில் போனால் சுமார் 640 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். 2016-ல் கிகாலியில் செய்த ஒப்பந்தத் திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது. 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047-ல் 85 சதவீதம் குறைக்க வேண்டும். நாம் வேலை பார்க்கப் போகும் காலம் முழுக்க இதுதான் நடக்கும்.

வேலையும் இதில்தான் இருக்கிறது, நண்பர்களே. 2025 அக்டோபர் முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். பல மின்சாரக் கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே ஏசிதான். அந்தக் கம்ப்ரசரில் நாம் பழகிய பிஏஜி ஆயிலை ஊற்றினால் மின்காப்பு கெட்டுவிடும், பிஓஇ ஆயில்தான் ஊற்ற வேண்டும். இதைத் தெரியாதவன் கையில் பேட்டரி வண்டி கிடைத்தால்?

ஆகவே மாணவர் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். நம் லேபில் இருப்பது வெட்டி, பெயின்ட் அடித்து ஸ்டாண்டில் மாட்டிய ஒரு பழைய கம்ப்ரசர் மட்டுமே. ஒரு கேஜ் செட், ஒரு வாக்குவம் பம்ப், ஒரு எலக்ட்ரானிக் தராசு வேண்டும். மூன்றும் சேர்ந்து நம் ஆண்டு விழாவின் பந்தல், மைக் செட் செலவைவிட அதிகம் ஆகாது (செயலாளர் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது!). நைட்ரஜன் சிலிண்டர் வாடகைக்கே கிடைக்கிறது. ஆசிரியர்கள் சொல்லித் தரத் தயாராகத்தான் இருக்கிறார்கள், கையில் கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை.

கேஜ் செட் வந்தால் முதல் வண்டியாக எங்கள் காரையே தருகிறேன். அப்பாவிடம் கேட்டுவிட்டேன். ஒரு சனிக்கிழமை சவாரியை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். "காலேஜுக்குள்ள என் வண்டியை விடுவாங்களாடா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.