கானகம் காட்சிச்சாலை அன்று

பயணம் மனிதனைப் பண்படுத்தும் என்பர். பிழைப்பின் பொருட்டுப் பெட்டி படுக்கையுடன் இரயிலேறி, மொழி தெரியாத நகரங்களில் குடும்பம் நிறுத்திய தலைமுறையின் மக்கள் நாம். எனவே பயணத்தின் அருமையை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அண்மைக் காலத்தில் ‘சாகசச் சுற்றுலா’ என்னும் பெயரால் ஒருவகைப் பயணம் பெருகி வருகின்றது. மழைக்காட்டையும், அதில் உலவும் விலங்கையும், ‘நாகரிகம் தீண்டாத’ மாந்தரையும் கட்டணம் செலுத்திக் கண்டு மீள்வதே அதன் இலக்கணம். இதில் சாகசமும் இல்லை, பண்பும் இல்லை என்பதே நம் வழக்கு. அதற்கு அந்தமானைச் சான்றாக நிறுத்துகின்றோம்.

அந்தமானைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. நம் சங்கத்தில் மத்திய அரசு ஊழியர் குடும்பங்கள் மிகுதி. சொந்த ஊர் செல்வதற்குரிய எல்.டி.சி. சலுகையை மாற்றிக்கொண்டு விமானத்தில் அந்தமான் சென்று வர அரசு பல ஆண்டுகளாக இசைவு அளித்து வந்துள்ளது. ஆதலால் ஒவ்வோர் அலுவலகத்திலும் போய் வந்தவர் சிலரேனும் உளர். ‘அங்கே என்ன கண்டீர்கள்?’ என்று வினவினால், செல்லுலார் சிறையைப் பற்றி இரண்டு வாக்கியம் வரும். பிறகு குரல் தாழும், கண் ஒளிரும். ‘ஜாரவாக்களைப் பார்த்தோம் ஸார், சாலையோரத்திலேயே நின்றார்கள்!’ நாட்டு விடுதலைக்காகச் செக்கிழுத்தவர்களின் சிறை இரண்டாமிடத்திற்குப் போய்விட, சாலையோரம் நின்ற நான்கு மனிதர் முதலிடம் பெற்றுவிட்டனர்.

அச்சாலையின் கதையைச் சற்றே நோக்குவோம். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடக்கே திக்லிப்பூர் வரை செல்லும் அந்தமான் பெருவழி, ஜாரவா மக்களின் காப்புக் காட்டை ஊடறுத்துச் செல்கின்றது. ஜிர்கடாங் சாவடி முதல் மிடில் ஸ்ட்ரெயிட் துறை வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு அவர்களுடைய காடு. குறித்த வேளைகளில் காவலர் துணையுடன் வண்டிகள் வரிசையாகச் செல்லும். நிறுத்தலாகாது, படம் எடுக்கலாகாது, உணவு தரலாகாது. பாராட்டாங் தீவின் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் காணச் செல்வதாகப் பயணச் சீட்டு கூறும். ஆனால் வண்டியில் இருப்போர் கண்கள் குகையைத் தேடுவதில்லை, சன்னலுக்கு வெளியே ஆளைத் தேடுகின்றன. புலிக் காட்டில் புலியைத் தேடும் அதே பார்வை!

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ஜாரவா மக்கள் 380 பேர். நம் சங்கத்தின் பொங்கல் விழாவிற்குத் திரளும் கூட்டத்தினும் குறைவு. இவர்களைக் காக்க 1956லேயே தனி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. காப்புக் காட்டின் ஊடே செல்லும் சாலைப் பகுதியை மூடுமாறு 2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் படக்காட்சி ஒன்றை 2012 ஜனவரியில் ஓர் ஆங்கில நாட்டு இதழ் வெளியிட்டது. உலகத்தின் முன் நாடு தலைகுனிந்தது. அவ்வாண்டே சட்டத்தின் தண்டனைகள் கடுமையாயின. 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில வாரங்களில் அத்தடை நீங்கியது; வண்டிகள் மீண்டும் வரிசையில் நின்றன.

எதிர்வாதங்களை நாம் அறிவோம். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

‘அரசே அனுமதிக்கும்போது நமக்கென்ன?’ என்பர் ஒரு சாரார். கோப்புகளோடு காலங்கழிப்போர் நம்மில் பலர். அனுமதி என்பது ‘செய்யலாம்’ என்பதற்கே அன்றிச் ‘செய்க’ என்பதற்கு அன்று என்பதை நம்மினும் நன்கறிந்தவர் யார்? விதியில் இடமுண்டு என்பதனால் ஒரு செயல் தகுதியுடையதாகிவிடாது.

‘அவர்களே சாலைக்கு வந்து கைநீட்டுகிறார்களே’ என்பர் வேறு சிலர். 1990களின் பிற்பகுதி வரை வில்லும் அம்பும் கொண்டு தம் காட்டை அந்நியர் அணுகாமல் காத்தவர்கள் இவர்கள். காட்டுப் பன்றி வேட்டையும், தேனும், கிழங்கும், மீனும் இவர்களுக்கு உணவளித்து வந்தன. கைநீட்டும் பழக்கத்தைக் காடு கற்பிக்கவில்லை. வண்டிச் சன்னலிலிருந்து வீசப்பட்ட பிஸ்கோத்தும் புகையிலையும் கற்பித்தன. கொடுத்துக் கெடுத்தவரே, ‘பார், பிச்சை எடுக்கிறான்’ என்று இகழ்வது எவ்வகை நீதி?

‘கண்ணாடிக்குள் இருந்து பார்ப்பதால் என்ன கேடு?’ என்பது மூன்றாம் வாதம். ஜாரவாக்களிடையே 1999லும் 2006லும் தட்டம்மை பரவியது. நமக்குச் சிறுபிள்ளை நோயாகத் தோன்றுவது, அதனை முன்னர் அறியாத உடலுக்குக் கூற்றுவன். அயலாருடன் நேர்ந்த நெருக்கத்தால் அழிந்தோர் கதை அத்தீவுகளிலேயே உண்டு. 1858இல் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கியபோது பல்லாயிரவராக இருந்த கிரேட் அந்தமானியர், நோயாலும் வன்முறையாலும் இன்று சில பதின்மராகச் சுருங்கிவிட்டனர். அவர்தம் மொழிகளுள் ஒன்றான ‘போ’ மொழியைப் பேசத் தெரிந்த கடைசி மூதாட்டி போவா 2010 ஜனவரியில் மறைந்தார்; அவருடன் அம்மொழியும் மறைந்தது. தாய்மொழி அயல்மண்ணில் தேய்ந்துவிடக் கூடாதே என்று சங்கம் கண்டவர்கள் நாம். ஒரு மொழியின் சாவு எத்தகையது என்பதை நமக்கும் விளக்க வேண்டுமா?

‘தீவு மக்களின் பிழைப்பு?’ என்பது நான்காவது. இது மதிக்கத்தக்க வினா. மத்திய, வட அந்தமானில் வாழ்வோருக்குச் சாலை தேவை. நோயாளியையும் மாணவரையும் நாம் தடுக்கச் சொல்லவில்லை. அங்குக் குடியேறிய தமிழரும் உளர். ஆனால் விருந்தினரின் பணம் அச்சாலை வழியாகத்தான் தீவைச் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இனிச் ‘சாகசம்’ என்னும் சொல்லுக்கு வருவோம். வடசென்டினல் தீவினர் அந்நியர் வருகையை விரும்பாதவர். அங்கு அணுகுவது சட்டப்படி குற்றம். 2025 மார்ச்சில் அமெரிக்க இளைஞர் ஒருவர் படகில் தனியே சென்று, அத்தீவின் கரையில் தேங்காயும் ஒரு குளிர்பான டின்னும் வைத்துவிட்டு, அதனைப் படமும் பிடித்து மீண்டார், கைதானார். உலகம் அவரைப் பேதை என்றது. நாமும் சிரித்தோம். ஆனால் சாலையில் பிஸ்கோத்து வீசுபவருக்கும் அவருக்கும் வேறுபாடு என்ன? அவர் சிறை செல்லும் துணிவோடு செய்த தவற்றை, இவர் காவலர் துணையோடு, குடும்பத்தோடு, சலுகைக் கட்டணத்தில் செய்கின்றார்.

காட்சிப் பொருளாவது எத்தகைய நோவு என்பதை நாம் அறியாதவரா? வடநகரங்களில் ‘மதராஸி’ என்ற ஒற்றைச் சொல்லில் நம் உடையும் உணவும் பேச்சும் நகைப்பிற்கு உள்ளானதை நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அந்தப் பார்வை சுட்டதை மறவாதவர், அதே பார்வையை வேறு மனிதர்மேல் செலுத்தலாமா? பின்னிருக்கையில் அமர்ந்த நம் பிள்ளை எதனைக் கற்கின்றான்? கேமராவை எப்படி மறைத்துப் பிடிப்பது என்பதை. மனிதருள் பார்ப்பவர், பார்க்கப்படுபவர் என இரு சாதி உண்டு என்பதை.

அந்தமானுக்குச் செல்லாதீர் என்று நாம் கூறவில்லை. சென்று சிறைச்சாலையில் ஒரு முழுநாள் செலவிடுங்கள். வண்டூரில் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவின் பவளப் பாறைகளைக் காணுங்கள். மழைக்காடுதான் வேண்டுமெனில், கப்பலேறி வடக்கே சென்று, 732 மீட்டர் உயர்ந்த சேடில் சிகரத்தின் காட்டு வழியில் ஏறுங்கள். மூச்சு வாங்கும், வியர்வை கொட்டும், அட்டை கடிக்கும். சாகசம் என்று சொல்லிக்கொள்ள அதற்கு உரிமை உண்டு.

பாராட்டாங் சாலைச் சீட்டை மட்டும் வேண்டா என்று சொல்லுங்கள். பயண முகவர் வியப்பார். உடன் வந்தோர் கேலி பேசுவர். பேசட்டும். நம் சங்கக் குடும்பங்கள் இதனை ஓர் எழுதாத விதியாகக் கொண்டால், அந்த வரிசையில் நிற்கும் வண்டிகளில் சிலவேனும் குறையும். 380 பேரின் காட்டில் அந்த அளவிற்கு அமைதி கூடும். அவர்களுக்கு நாம் அளிக்கக்கூடிய ஒரே நன்கொடை, அவர்கள் வழியில் குறுக்கிடாமல் இருப்பதேயாகும்.