தட்டினாலும் எண்ணும் கருவி

ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் அண்ணன் மகள், சென்ற விடுமுறையில் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து நின்றாள். "சித்தப்பா, இது கதிரியக்கத்தைப் பிடிக்கும்" என்றாள். உள்ளே 9 வோல்ட் பேட்டரி, ஒரு பெருக்கிச் சுற்று, விரல் நகத்தைவிடச் சிறிய பிபிடபிள்யூ34 என்ற ஒளி டையோடு. டையோடின் விலை சில ரிங்கிட்தான். மேசையில் வைத்ததும் ஒலிபெருக்கி 'டிக், டிக்' என்றது. அவளுக்குப் பூரிப்பு. நான் நாற்காலியை இழுத்தேன். அதற்கும் 'டிக்' என்றது.

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கோ, பாடமே அங்கேதான் தொடங்குகிறது என்று தோன்றியது.

ஒளி டையோடு என்பது வெளிச்சம் பட்டால் மின்னோட்டம் தரும் சிலிக்கன் துண்டு. காமா கதிரின் ஆற்றல் அதில் படிந்தாலும் எலெக்ட்ரான்கள் விடுபடும்; ஒவ்வொன்றையும் விடுவிக்கச் சராசரியாக 3.6 எலெக்ட்ரான் வோல்ட் செலவாகும். 60 ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட் கொண்ட ஒரு காமா கதிர் முழுதாக அடங்கினால் சுமார் 16,500 எலெக்ட்ரான்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். உண்மையில் அது மிக மிகச் சிறிய மின்னூட்டம். அதைக் கேட்கும் அளவுக்குப் பெருக்கினால், அறை வெளிச்சம், கைப்பேசியின் அலை, மேசையின் அதிர்வு எல்லாமே கதிரியக்கம் போல வேடமிடும். உலோக டின்னும் கறுப்பு டேப்பும் முதல் இரண்டைத் தடுக்கும். அதிர்வைத் தடுக்கப் பொறுமைதான் வேண்டும்.

கெய்கர் குழாய்க்குச் சுமார் 400 வோல்ட் தேவை. இதற்கு 9 வோல்ட் போதும். மாணவர் மேசைக்கு இதுவே பாதுகாப்பானது. ஆனால் இதன் பரப்பு 7.5 சதுர மில்லிமீட்டர் மட்டுமே. பெரும்பாலான காமா கதிர்கள் சுவடே இன்றிக் கடந்துவிடும். ஆல்பா துகள்களை டையோடின் பிளாஸ்டிக் உறையே நிறுத்திவிடும். ஆகவே, கருவி மௌனமாக இருந்தால் அந்த இடம் பாதுகாப்பானது என்று யாரும் சொல்லக்கூடாது.

பிறகு எதற்கு இந்த விளையாட்டு என்கிறீர்களா? 1980களில் பேராக், புக்கிட் மேராவில் அரிய மண் ஆலையின் தோரியக் கழிவைக் கண்டு மக்கள் அஞ்சினார்கள். கதிர்வீச்சை அளக்க ஜப்பானிலிருந்து ஒரு பேராசிரியரை அழைக்க வேண்டியிருந்தது. 2011 புகுஷிமா விபத்துக்குப் பின் ஜப்பானியர்களோ, இதே போன்ற எட்டு டையோடுகளைக் கொண்ட சிறு கருவியைக் கைப்பேசியில் செருகித் தாங்களே அளந்தார்கள். அந்த நிலைக்கு நம் பிள்ளைகளும் வர வேண்டும். அறிவியல் கழகங்கள் இதை எடுத்துச் செய்யலாம். ஒரே நிபந்தனை: குறிப்பேடு இல்லாமல் எந்த எண்ணையும் சமூக ஊடகத்தில் ஏற்றக்கூடாது. பயத்தைக் கிளப்ப ஒரு தவறான எண் போதும்.

சோதனைக்காகப் புகை உணர்கருவியை உடைத்து உள்ளிருக்கும் அமெரிசியத்தை எடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். சோடியம் குறைந்த உப்பில் உள்ள பொட்டாசியமே போதும். அதில் இயற்கையாகவே சிறிதளவு கதிரியக்கம் உண்டு.

அண்ணன் மகளும் அதைத்தான் வைத்துப் பார்த்தாள். உப்பு இல்லாமல் ஒரு மணி நேரத்தில் 26, உப்போடு 31. "கண்டுபிடித்துவிட்டேன்!" என்றாள். 26க்கு வர்க்கமூலம் சுமார் 5, அதாவது அந்த அளவு தானாகவே ஏறி இறங்கும் என்றேன். சற்று நேரம் என்னை முறைத்தாள்.

இப்போது டின் இரவு முழுக்க ஓடுகிறது. அந்த மேசைப் பக்கம் நடக்க எனக்குத் தடை.